"எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்"

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் அம்மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்று போயிற்று. அத்தகைய நாளில் மேலே உள்ளோரும் கீழே உள்ளோரும் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்ளக் கைபேசி பெரும் நிஃமத்தாகும். ஆனால் வேறெங்கோ, என்றோ சரிந்த பாதையின் படம் நம் ஊர் வளைவு என்று அதே கைபேசியில் வந்தால், மகனை மலைக்கு அனுப்பிய தாய் என்ன பாடுபடுவாள்! அனுப்பியவரைக் கேட்டால், "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்பார். இந்தப் பதில் மார்க்கத்தில் செல்லுமா?

தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள். இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவீர்கள் என்னும் கருத்தை சூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனத்தில் காண்கிறோம். அது இறங்கிய சந்தர்ப்பத்தை விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் பெற்றுவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அவரை வரவேற்க அம்மக்கள் திரண்டு வந்தனர். அவரோ தம்மைக் கொல்ல வருகின்றார்களென அஞ்சிப் பாதி வழியில் திரும்பி, ஜகாத் தர மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். விசாரித்த பின்னரே உண்மை விளங்கிற்று. கவனியுங்கள்: அவர் கண்ட கூட்டம் மெய்தான். அதற்கு அவர் கொண்ட பொருளே தவறு.

நம் காலத்திலும் இது நடந்தது. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் உலவுவதாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் செய்திகள் பறந்தன. குலதெய்வக் கோயிலுக்கென்று சென்னையிலிருந்து உறவினருடன் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் வந்த 65 வயது மூதாட்டி, அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்தல்காரி என்றெண்ணிக் கூட்டம் அடித்ததில் உயிரிழந்தார். மிட்டாய் கொடுத்தது மெய்தான்! அங்கே கை ஓங்கியவர்கள் ஒரு கூட்டம். அதற்கு முன்பே வீட்டில் அமர்ந்தபடி செய்தியை அனுப்பியவர்கள் எத்தனை பேரோ!

ஏற்காடு நாள்தோறும் வெளியூரார் வந்து போகும் ஊர். ஏரிக்கரையிலோ பகோடா பாயிண்டிலோ அறியாத ஒருவர் மிட்டாய் நீட்டினால், பிள்ளையைத் தம்மிடம் அழைத்துக் கொள்வது தாயின் கடமை. அவரைப் படமெடுத்து ஊரெங்கும் அனுப்புவது கடமையன்று. ஐயம் வலுத்தால் 1098-க்குச் சொல்லலாம். மழைநாளில் பாதையின் நிலையை மாவட்டத்தின் 1077-இல் கேட்கலாம்.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் முஸ்லிம் ஷரீஃபில் ஹதீஸ் உண்டு. நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் இளகவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பிறருடைய பதிவொன்றைப் பகிர்ந்தவரின் வழக்கில், அனுப்புவது அச்செய்தியை ஏற்றுக்கொள்வதாகவே ஆகும் என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று.

சரி, அனுப்பிவிட்டவர் என்ன செய்வது? கைபேசியில் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அடியார்களின் ஹக்கு சம்பந்தப்பட்ட பாவத்தில், தவ்பாவுடன் அந்த ஹக்கையும் சரிசெய்தாக வேண்டும். ஆகவே அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும், "விசாரிக்காமல் அனுப்பினேன், அது பொய்" என்று எழுத வேண்டும். செய்தி யாரைப் பற்றியதோ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சம்பந்தி வீட்டாரும் மருமகனும் இருக்கும் குழுவில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கும். எழுதிவிட்டு, அவர்கள் அதை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்றும் கேட்டு, அங்கெல்லாம் சொல்லச் சொல்ல வேண்டும்.