ஜிக் கட்டப் பழகுவோம்

தூண்டில் போடும் வழக்கமுள்ள அன்பர்களில்கூடச் சிலருக்கு ‘ஜிக்’ என்ற சொல் புதிதாக இருக்கலாம். கழுத்தருகே ஈயக்குண்டு வார்த்த ஒரு முள், அதன் தண்டில் சுற்றிக் கட்டிய சிறிது உரோமம் அல்லது இறகு, அவ்வளவுதான் அது. இறாலோ புழுவோ தேடி அலைய வேண்டாம். தண்ணீருக்குள் ஏறி இறங்கும்போது ஒரு சிறு மீனைப் போல் தோற்றம் காட்டிப் பெரிய மீனை ஏமாற்றுவதே அதன் வேலை. இங்கே மராத்தியர் ஜிதாடா என்று கொண்டாடும் நம் கொடுவா மீன் இதற்கு நன்றாகவே ஏமாறும்.

கடையில் கிடைப்பதை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். ஜிக் அடித்தரையை ஒட்டி வேலை செய்ய வேண்டிய பொருள். அடியில் பாறை இருக்கும், பழைய வலை இருக்கும். மாட்டினால் அறுந்து போகும். விலை கொடுத்து வாங்கியவர் இழந்துவிடுவோமோ என்று அஞ்சி மேலாகவே இழுத்துக்கொண்டிருப்பார். மீனோ கீழே இருக்கும். தானே கட்டியவருக்கு அந்த அச்சம் இல்லை. ஆகவே பழகுபவர் அழகாகக் கட்டுவதற்கு முன் விரைவாகவும் உறுதியாகவும் கட்டக் கற்றுக்கொள்வது நல்லது.

முதலில் தலை. வார்த்த தலைகளாகவே வாங்கிவிடுங்கள். கரையிலிருந்து வீச 7 முதல் 10 கிராம் எடையும் 1/0 அளவு முள்ளும் உள்ளவை போதும். மிகச் சிறியதில் தொடங்கினால் விரல் தடுமாறும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வீட்டு அடுப்பிலேயே வார்க்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சமையலறையில் செய்யத் தகாத வேலை இது. வாங்கிய தலையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள். அறுந்துபோன ஈயம் தண்ணீரிலேயே கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தூண்டில்காரர்கள் விட்ட ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், பிரிட்டனில் 28.35 கிராம் வரையுள்ள பெரும்பாலான ஈய எடைகளின் விற்பனையை 1987-இல் தடை செய்தார்கள். டங்ஸ்டன் தலைகள் கிடைத்தால் வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குத் தலை சிறியதாக இருக்கும்.

அடுத்தது உரோமம். வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் மான்வாலைத்தான் சொல்லும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் உரோமத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். மயில் இறகையும் விட்டுவிடுங்கள் என்பேன். தானாக உதிர்ந்த தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு என்றாலும், கடையில் இருப்பது உதிர்ந்ததா பிடுங்கியதா என்று நாம் எப்படி அறிவது? நமக்கு ஆட்டு உரோமம் இருக்கிறது. கறிக்கடையில் சொல்லிவைத்தால் வால் கிடைக்கும். கோழிக்கடையில் சேவலின் கழுத்து இறகு கிடைக்கும். இரண்டையும் சோப்புத் தூள் கரைத்த நீரில் நன்றாக அலசி, நிழலில் காயவைத்து, கர்ப்பூரத்தோடு டப்பாவில் மூடுங்கள். நன்றாக அலசாமல் வைத்தால் வீட்டில் உள்ளவர்கள் டப்பாவையும் உங்களையும் சேர்த்து வெளியே வைப்பார்கள்.

கட்டுவதற்கென்றே மேசையில் பொருத்தும் பிடிகருவி விற்கிறார்கள். தொடக்கத்தில் பட்டறையில் உள்ள சிறு வைஸ் போதும். நூல் தையற்கடைப் பாலியெஸ்டர் நூலே போதும். மிக மெல்லிய நூல் இறுக்கும்போது அறுந்து, பழகுபவரின் பொறுமையைச் சோதிக்கும்.

முள்ளின் வளைவை வைஸில் பிடியுங்கள். தலைக்குப் பின்னாலுள்ள கழுத்தில் நூலை வைத்து, அதன் மேலேயே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, தொங்கும் நுனியை வெட்டுங்கள். வெறும் உலோகத்தின்மேல் உரோமம் நிற்காது, வழுக்கும். நூல் சுற்றிய படுக்கை அதற்கு வேண்டும். இனி தீக்குச்சிப் பருமன் உரோமத்தைக் கிள்ளி எடுத்து, அடியில் உள்ள பஞ்சு போன்ற குட்டை உரோமத்தைச் சீவி எறியுங்கள். முள்வளைவைத் தாண்டி ஒரு விரற்கடை நீளுமாறு வைத்து, முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகச் சுற்றி, பிறகு நூலை நேராகக் கீழ்நோக்கி இறுக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் உரோமம் தண்டைச் சுற்றி ஓடிவிடும். இந்த ஒன்று கைவர எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. இப்படியே மேலும் இரண்டு மூன்று கொத்துகளைச் சுற்றிலும் கட்டி, பக்கத்துக்கு இரண்டு ஜிகினா இழை சேர்த்தால் மினுமினுப்புக் கிடைக்கும்.

முடிக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நூலை வெறுமனே ஒரு முடிச்சுப் போட்டு வெட்டக் கூடாது. ஐந்தாறு அரைமுடிச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கி, கட்டின்மேல் நகப்பூச்சை இரண்டு முறை தடவி இரவு முழுவதும் உலரவிடுங்கள். நான் கட்டிய முதல் ஜிக் மூன்றாவது வீச்சிலேயே மொட்டையாகித் திரும்பி வந்தது.

இரண்டாவதை மிகவும் அடர்த்தியாகக் கட்டினேன். கரையில் உட்கார்ந்திருந்த கோலிப் பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, “இது மீனுக்கா, மனிதர்களுக்குக் காட்டவா?” என்று மராத்தியில் கேட்டு, தம் கத்தியாலேயே பாதி உரோமத்தை அரிந்துவிட்டுக் கொடுத்தார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அவர் செய்தது சரி என்று வாளியில் போட்டுப் பார்த்த பிறகே விளங்கியது. உரோமம் அதிகமானால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஜிக் மெதுவாக இறங்கும், முள்முனையும் மறைந்துவிடும். கொஞ்சமாக இருந்தால் ஒவ்வோர் இழையும் தனித்தனியே அசையும். மிக நீளமாக விட்டாலும் கெடுதல்தான். மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போகும்.

ஆகவே புதிதாகக் கட்டியதைக் கடலுக்குக் கொண்டு போகுமுன் ஒரு வாளித் தண்ணீரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முள்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். முள்ளின் காது மேற்புறமாக வளைந்திருப்பதும், எடை முழுவதும் காதுக்குக் கீழே இருப்பதுமே அதற்குக் காரணம். அதனால்தான் மற்ற தூண்டில்களைவிட இது தரையில் குறைவாக மாட்டுகிறது. நரம்பு முடிச்சைக் காதில் பின்பக்கமாகத் தள்ளிவைத்தால் ஜிக் கிடைமட்டமாக நிற்கும்.

வீசிய பிறகு தரை தொடும் வரை விட்டு, கோலின் நுனியை ஒரு முழம் உயர்த்தி, மறுபடி இறங்க விடுங்கள். குறுந்தொகை 54-ஆம் பாடலில், யானை கைவிட்ட மூங்கில் மீன் பிடித்த தூண்டிலைப் போல் விசுக்கென்று எழுகிறது. அந்த உவமையால்தான் பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்ற பெயரே அமைந்தது. அந்த எழுச்சி மீன் மாட்டிய பிறகு இருக்கட்டும். அதற்கு முன் சிறு அசைவே போதும். பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் மீன் கவ்வும். நரம்பை முழுவதும் தளரவிட்டால் கவ்வியதே தெரியாமல் போகும். இறக்கம் பாதியில் நின்றாலோ, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே இழுத்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, உரோமத்தை விரலால் நீவிக் காயவையுங்கள். உப்பு தங்கினால் முள் ஒரே வாரத்தில் துருவேறும். துருவேறிய முள்ளிலிருந்து நூலை அறுத்தெடுத்துவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள்.