நெடுவழியில் மிதிவண்டி பேணல்

1923ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து மிதிவண்டிகளில் உலகைச் சுற்றப் புறப்பட்ட இளைஞர்களுள் மூவர், பாலைநிலங்களையும் கடந்து 1928இல் தாயகம் திரும்பினர். பழுதுநீக்கும் கடையற்ற அத்தகைய நெடுவழியில் பயணியின் கையே வண்டிக்குக் காப்பாகும்.

நாள்தோறும் பயணம் முடிந்ததும் சங்கிலியிலுள்ள மணலையும் அழுக்கையும் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். அதன் பின்னரே கண்ணிதோறும் ஒரு துளி எண்ணெய் இட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, வெளியே கசியும் எண்ணெயைத் துடைத்தெடுத்தல் வேண்டும். துடைக்காமல் எண்ணெயிட்டால், மணல் அதனோடு கலந்து, அரம்போலச் சங்கிலியையும் பற்சக்கரத்தையும் தேய்த்துவிடும். சக்கர விளிம்பில் எண்ணெய் படலாகாது. பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். மலையிறக்கத்தில் அஃது உயிருக்கே ஊறாகும்.

அன்றாடம் சிறிது நேரம் செலவிடத் தயங்குவோருக்கு, நடுவழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நெடுந்தொலைவு நடக்க நேரிடும்.