ஒத்த நோயாளரின் துணை

நோய்களுள் சில வந்து, சிகிச்சைக்குக் கட்டுப்பட்டு, நீங்கிவிடுகின்றன. நிமோனியாக் காய்ச்சலும் சீதபேதியும் இவ்வகையின. வேறு சில, ஒருமுறை வந்தபின் மனிதனுடன் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, மூட்டுவாதம் முதலியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முதல்வகை நோயில் பெரும்பகுதி வேலையை டாக்டரும் மருந்துமே செய்து முடிக்கின்றனர். இரண்டாம் வகையிலோ அவ்வேலை நோயாளியின் பொறுப்பாகி விடுகிறது.

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. நீரிழிவு உடைய ஒருவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை டாக்டரிடம் சென்று, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். (நெரிசல் மிகுந்த நம் ஆஸ்பத்திரிகளில் கால்மணி நேரம் கிடைப்பது அரிது என்பதை வாசகர்கள் அறிவர்.) அவ்வாறாயினும் டாக்டரின் பங்கு ஆண்டுக்கு 1 மணி நேரமே. எஞ்சிய 8,759 மணி நேரத்தில் எதை உண்பது, எவ்வளவு நடப்பது, மாத்திரையை மறந்துவிட்டால் என்ன செய்வது, கல்யாண வீட்டில் பாயசத்தை யார் மனமும் நோகாமல் மறுப்பது எவ்வாறு என்பவற்றையெல்லாம் நோயாளி தாமாகவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய தீர்மானங்களில் அவருக்கு ஏற்ற துணைவர், அதே நோயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து பழகிய இன்னொருவரே எனப் பலர் கருதுகின்றனர். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே மக்கள் அத்தகையோரைத் தேடிச் செல்கின்றனர். முன்பு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையில் காத்திருக்கும்போது நிகழ்ந்த இவ்வுரையாடல், இன்று கைத்தொலைபேசியிலும் இணையத்திலும் இரவு பகலாக நிகழ்ந்துவருகிறது. இத்துணை உண்மையில் பயன் தருகிறதா? தருமாயின் எவ்வளவு? இவ்வினாவைத் துல்லியமாக ஆராய்ந்த சோதனை ஒன்று திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே நடைபெற்றிருக்கிறது. அதனையும், அதிலிருந்து இணையவழித் துணையை நாடுவோர் அறியத்தக்கவற்றையும் இங்குக் காண்போம்.

ஒத்த நோயாளரை ஒன்றுகூட்டும் எண்ணம் புதியதன்று. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் டாக்டர், ஏழைக் காசநோயாளிகளுக்காக வாரந்தோறும் கூடும் 'வகுப்பு' ஒன்றைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது; ஸ்டிரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. செல்வர்கள் சானடோரியங்களுக்குச் சென்றனர். ஏழைகள் தம் வீட்டிலிருந்தபடியே அச்சிகிச்சையைப் பின்பற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் உடல் வெப்பநிலை, உணவு, ஓய்வு நேரம் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வகுப்பிற்குக் கொண்டுவருவர். எடை கூடியவரைக் கண்டு ஏனையோர் ஊக்கம் பெறுவர். பலருக்கு ஒரே நேரத்தில் போதிப்பது சிக்கனம் என்பதே பிராட்டின் முதல் நோக்கம். ஒருவரையொருவர் கண்டு பெறும் ஊக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது போகப்போகவே தெளிவாயிற்று.

இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இத்துணையை நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளனர். அன்றாட வாழ்வில் நோயைப் பேண உதவுதல் ஒன்று. மனத்திற்கு ஆறுதலும் தோழமையும் அளித்தல் மற்றொன்று. நோயாளியை டாக்டருடனும் சுகாதார நிலையத்துடனும் இணைத்துவைத்தல் மூன்றாவது. இவை யாவற்றையும் இடைவிடாது நெடுங்காலம் தொடர்தல் நான்காவது. இவற்றுள் மூன்றாவது கூறு எளிதில் மறக்கப்படுவது. அதனைப் பற்றிப் பின்னர்ப் பேச நேரும்.

இனி நெய்யாற்றின்கரைக்கு வருவோம். இத்தாலுகா திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்கோடியில், கன்னியாகுமரி ஜில்லாவை ஒட்டி அமைந்துள்ளது. சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தேங்காயும் இப்பகுதியினரின் உணவு. கேரளத்தில் நீரிழிவு மிகுதி என்பது அனைவரும் அறிந்ததே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடளாவிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அவற்றின்படி இந்தியாவில் வயது வந்தோருள் நீரிழிவு உடையோர் 11.4 சதவிகிதம், கேரளத்தில் 25.5 சதவிகிதம், அதாவது நால்வரில் ஒருவர்.

'கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்னும் ஆராய்ச்சியைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகம், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக நிபுணர்களுடன் சேர்ந்து 2013-ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கையாளப்பட்ட குழுமுறைகளே இதற்கு முன்மாதிரி. ஏற்கனவே நோயுற்றவர்களை இவ்வாராய்ச்சி சேர்த்துக்கொள்ளவில்லை. நோய் வரும் அபாயம் மிகுந்தவர்களையே தேர்ந்தெடுத்தது. எனினும் மாற்ற வேண்டிய பழக்கங்கள் இருசாராருக்கும் பெரும்பாலும் ஒன்றேயாதலின், ஒத்தோர் துணையின் வலிமையை அறிய இது தக்க சோதனையே.

அபாயத்தை அறியச் சென்னையில் வகுக்கப்பட்ட 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' பயன்பட்டது. மொத்தம் 100 மதிப்பெண். வயதிற்கு அதிக அளவாக 30, இடுப்புச் சுற்றளவிற்கு 20, உடலுழைப்பு இன்மைக்கு 30, பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இருப்பின் 20 எனக் கணக்கிடுவர். 60-உம் அதற்கு மேலும் பெற்றோர் மிகுந்த அபாயமுடையோர். ஐம்பது வயதைக் கடந்து, உடலுழைப்பே இன்றி அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர், பருத்த இடுப்போ பெற்றோர் நோயோ இல்லாமலேயே 60-ஐ எட்டிவிடுகிறார் என்பதை நாற்காலியில் இருந்து இதனைப் படிப்போர் கவனிப்பார்களாக.

தாலுகாவிலிருந்து 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். ஏற்கனவே நீரிழிவு உடையோரை இரத்தப் பரிசோதனை மூலம் கண்டு விலக்கியபின் எஞ்சியவர்கள் இவர்கள். 30 பகுதிகளைச் சேர்ந்த 500 பேருக்குக் குழுத் துணை அளிக்கப்பட்டது. மற்ற 30 பகுதிகளைச் சேர்ந்த 507 பேருக்கு நல்வாழ்வு பற்றிய சிறுநூல் மட்டும் வழங்கப்பட்டது. எப்பகுதி எதில் சேர்வது என்பது தற்செயல் முறையில் முடிவு செய்யப்பட்டது. தனி மனிதரைப் பிரிக்காமல் பகுதிகளைப் பிரித்தமைக்குக் காரணம் உண்டு. அடுத்தடுத்த வீட்டார் இருவருள் ஒருவர் கூட்டத்தில் கேட்டதை மற்றவரிடம் வேலிக்கு மேலாகச் சொல்லாமல் இரார். சொல்லிவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பது இயலாது போகும்.

குழுக்கள் ஓர் ஆண்டில் 15 முறை கூடின. அவற்றுள் 12 கூட்டங்களை நடத்தியோர் டாக்டர்களோ தாதியரோ அல்லர். அக்குழுவினரிடையிலிருந்தே வந்து, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே அவற்றை நடத்தினர். இதுவே இச்சோதனையின் உயிர்நாடி. கூட்டங்களைத் தவிர, பழக்கங்களை மாற்றத் துணைசெய்யும் வகையில் வீட்டுக் காய்கறித் தோட்டம், யோகாசனம், சேர்ந்து நடத்தல் போன்ற ஊர்ப் பணிகளும் நடைபெற்றன. சோற்றின் அளவைக் குறைக்கும்படி டாக்டர் கூறினால் நாம் தலையசைத்துவிட்டு வருகிறோம். அடுத்த வீட்டுக்காரர் தாம் குறைத்த கதையைச் சொன்னால் அவரிடம் நாம் வாதாடுகிறோம், கேலி செய்கிறோம், பின் வீட்டிற்குச் சென்று நாமும் ஒருநாள் குறைத்துப் பார்க்கிறோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கு 2018-இல் வெளியிடப்பட்டது. சிறுநூல் மட்டும் பெற்றோருள் பரிசோதிக்கப்பட்ட 463 பேரில் 79 பேருக்கு நீரிழிவு தோன்றியிருந்தது, இது 17.1 சதவிகிதம். குழுத் துணை பெற்ற 456 பேரில் 68 பேருக்குத் தோன்றியிருந்தது, இது 14.9 சதவிகிதம். குழுவினரிடம் நோய் சற்றுக் குறைவு என்பது வெளிப்படை. ஆயினும் இவ்வேறுபாடு குழுத் துணையால் விளைந்ததா, தற்செயலா? புள்ளியியல் முறைப்படி கணக்கிட்டதில் இரு சாராரின் அபாய விகிதம் 0.88 என்றும், உண்மை விகிதம் 0.66-க்கும் 1.16-க்கும் இடையில் எங்கேனும் இருக்கக்கூடும் என்றும் கண்டனர். குழுத் துணையால் நோய் 34 சதவிகிதம் குறைந்தும் இருக்கலாம். 16 சதவிகிதம் கூடியும் இருக்கலாம் என்பது இதன் பொருள். எல்லை 1-ஐத் தன்னுள் அடக்கியிருப்பதால், நோயைத் தடுத்தது நிரூபணமாயிற்று என்று கூறுவதற்கில்லை.

இங்கு அவசரம் கூடாது. 'நிரூபணமாகவில்லை' என்பது வேறு, 'பயனில்லை என நிரூபணமாயிற்று' என்பது வேறு. குழுவினரின் அபாய மதிப்பெண் மற்றவர்களைவிட மிகுதியாகக் குறைந்தது. மது அருந்துதல் குறைந்தது. பழமும் காய்கறியும் உண்பது கூடியது. உடலால் இயங்கும் திறன் பற்றிய மதிப்பும் உயர்ந்தது. இவை தற்செயல் என்று ஒதுக்க இயலாத மாறுதல்கள்.

சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இதனுடன் ஒப்பிடுதல் நலம். அதில் சேர்ந்த 531 பேரும் குளுக்கோஸைத் தாங்கும் சக்தி குறைந்தவர்கள் என ஏற்கனவே உறுதி செய்யப்பட்டவர்கள். மூன்று ஆண்டுகளில் சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றோருள் 55.0 சதவிகிதத்தினருக்கு நோய் வந்தது. வாழ்க்கை முறையை மாற்ற நிபுணரிடம் தொடர்ந்து ஆலோசனை பெற்றோருள் 39.3 சதவிகிதத்தினருக்கே வந்தது. நெய்யாற்றின்கரையில் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு மக்களைத் தேர்ந்தமையால் நோயின் விளிம்பில் நின்றோர் விகிதம் குறைவு. தடுப்பதற்கு இருந்த நோயே குறைவாதலின் வேறுபாட்டைக் காட்டுவதும் கடினம். நான் இவ்வாறே கொள்கிறேன்.

தொலைபேசியைப் பயன்படுத்திய ஆய்வும் நம் நாட்டில் உண்டு. அதே நிலையிலிருந்த 537 ஆடவருள் ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் ஒழுங்காக அனுப்பப்பட்டன. 2013-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றோருள் 18 சதவிகிதத்தினருக்கும், பெறாதோருள் 27 சதவிகிதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. ஆகவே கையிலுள்ள சிறு கருவி வழியாகவும் பழக்கத்தை மாற்ற இயலும். ஆனால் அச்செய்திகள் ஆராய்ச்சியாளரிடமிருந்து வந்தவை. ஒத்த நோயாளர் தமக்குள் பரிமாறிக்கொண்டவை அல்ல.

இன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் பிற இணைய வட்டங்களிலும் நிகழ்வது இந்த இரண்டாம் வகைப் பரிமாற்றம். அதன் நன்மை சிறிதன்று. நீரிழிவின் முதல்வகையைக் கருதுக. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோவதால் விளையும் இந்நோய், பெரும்பாலும் இளம் வயதிலேயே தோன்றுகிறது. நாள்தோறும் பலமுறை இன்சுலின் ஊசி போட்டே வாழவேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு தெருவுக்குத் தெரு உண்டு; முதல்வகையோ அரிது. இத்தகைய குழந்தையின் தாய்க்குத் தம் ஊரில் ஒத்த நிலையினர் ஒருவரும் இல்லாமற் போகலாம். மணவயதுப் பெண்ணுக்கு இந்நோய் இருப்பின் வீட்டார் அண்டை அயலாருக்கும் மறைப்பது நாம் காணும் உண்மை. இத்தகையோருக்கு முகமறியாத தொலைவிலுள்ள தோழியிடம் பேசுவது, அடுத்த வீட்டில் பேசுவதைவிட எளிது.

தீமையும் இங்கேயே தொடங்குகிறது. இருவகை நோய்க்கும் பெயர் ஒன்று. தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே 'ஷுகர்' என்பர். இரண்டாம் வகையினர் ஒருவர் எடையைக் குறைத்து, டாக்டரின் மேற்பார்வையில் மருந்தை நிறுத்தியிருக்கக்கூடும். அவர் 'நான் நிறுத்திவிட்டேன், நலமாக இருக்கிறேன்' என்று எழுதுவது பொய்யன்று. அதனை நம்பி முதல்வகையினர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் இன்றேல் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடலின் அணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாது; உடல் கொழுப்பை எரிக்கத் தலைப்படும்; அதனால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை தொடரும். இந்நிலையில் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரி சேர வேண்டும்.

நெய்யாற்றின்கரையில் குழுவை நடத்தியவர் ஊரறிந்தவர்; பயிற்சி பெற்றவர்; அவருக்குப் பின்னால் மருத்துவ ஸ்தாபனம் ஒன்று நின்றது. இணையக் குழுவில் இம்மூன்றும் இல்லாமலே ஒருவர் தலைவராகிவிட இயலும். மருந்து விற்பவரும் நோயாளியின் வேடத்தில் வரலாம். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடைசெய்கிறது என்பதைப் பலர் அறியார்.

ஒத்த நோயாளர் கூடி உண்மையைத் தேர்ந்தறிந்த நிகழ்ச்சியும் உண்டு. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய நோயை லித்தியம் தாமதப்படுத்துவதாக 2008-இல் இத்தாலியச் சிற்றாய்வு ஒன்று கூறியது. 'பேஷன்ட்ஸ் லைக் மீ' என்னும் இணைய வட்டத்தைச் சேர்ந்த நோயாளிகள் பலர் அதனை உட்கொண்டு, தம் நிலையை ஒழுங்காகப் பதிவு செய்தனர். அவ்வாறு உட்கொண்ட 149 பேரின் பதிவுகளை உட்கொள்ளாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான முடிவு, லித்தியத்தால் பயனில்லை என்பது. பாஸ்டன் வகுப்பில் எழுதப்பட்ட குறிப்பேடு வேறு உருவில் இங்கு மீண்டும் தோன்றுகிறது.

ஆகவே இணையக் குழுவில் சேர விரும்புவோர், நான்கு கூறுகளுள் மூன்றாவது அங்கு உள்ளதா என்பதை முதலிற் காண வேண்டும். 'டாக்டரைக் கேளுங்கள்' என்று அடிக்கடி சொல்லப்படும் குழுவே நம்பத்தக்கது. டாக்டரை ஏளனம் செய்யும் குழு எவ்வளவு அன்பானதாயினும் விலக்கத்தக்கது. எழுதுவோர் தமக்கு உள்ளது எவ்வகை நோய், எத்தனை ஆண்டுகளாக, என்ன மருந்து என்பவற்றைக் குறிப்பிடுகின்றனரா என்றும் பார்க்க வேண்டும். அவை இல்லாத அனுபவ உரையால் பிறருக்குப் பயனில்லை. நடை, சமையல், ஊசி போடும் இடத்து வலி, அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்பன போன்றவற்றில் ஒத்த நோயாளரின் சொல்லை ஏற்றுப் பார்க்கலாம். மருந்தின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றிய எதனையும் ஒரு தாளில் எழுதி, அடுத்தமுறை செல்லும்போது டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை காத்திருக்க இயலாத சந்தேகமாயின், கேரளத்தில் 1056 என்ற எண்ணில் 'திசா' சுகாதார உதவித் தொலைபேசியை அழைக்கலாம்.