வாயைத் திறந்தால் கீமோவை நிறுத்திவிடுவார்களா?

கீமோ வார்டு வாசலில் இந்த உபதேசம் ஓய்ந்தபாடில்லை: “டாக்டர் கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க. கஷ்டம்னு சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க.” நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அனுபவிப்பது கேட்டவர்.

நம்பிக்கை 1: பக்கவிளைவைச் சொன்னால் சிகிச்சை நின்றுபோகும்.

நடப்பது நேர்மாறு. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் குழுவினர், முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வாந்தி, வலி, களைப்பு என 12 தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிந்தார்கள். நிலைமை மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. பதிந்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் கீமோவில் நீடித்தார்கள், மற்றவர்கள் 6.3 மாதம். 2017இல் ஆயுள் கணக்கும் வந்தது: பதிந்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதங்களைத் தாண்டினார்கள். மற்ற பிரிவில் அது 26 மாதம். புற்றுநோய்க்கென்று புது மருந்து எதுவும் தரப்படவில்லை. கஷ்டத்தை நர்ஸ் காதில் போட்டார்கள், அவ்வளவுதான்.

வாந்திக்கு மாற்று மாத்திரை உண்டு. ஆக்சாலிபிளாட்டின், பாக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்து போடும்போது விரல் மரத்தால், முதலிலேயே சொன்னால் அளவைத் திருத்தலாம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகும்வரை மறைத்தால், அந்தப் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடலாம். அளவைக் குறைப்பதே சிகிச்சையைத் தொடரத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் வீரம் பேசாதீர்கள்.

நம்பிக்கை 2: முடி கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது.

அபத்தம். அது மருந்தின் வகையைப் பொறுத்தது. கட்டி சுருங்கியதா என்று ஸ்கேன் சொல்லும், சீப்பு சொல்லாது.

நம்பிக்கை 3: மாத்திரை தவறாமல் வாங்குகிறவர் சிகிச்சையை ஏற்றுக்கொண்டவர்.

வாங்குவது வேறு, விழுங்குவது வேறு. லண்டனில் இமாடினிப் மாத்திரை எடுத்த 87 ரத்தப் புற்றுநோயாளிகளின் புட்டி மூடியில் சிப் வைத்துப் பார்த்தார்கள். சுமார் நால்வரில் ஒருவர், சாப்பிட வேண்டியதில் 90 சதவீதத்தைத் தாண்டவில்லை.

நம்பிக்கை 4: நோயாளி படும் பாட்டை அளக்க முடியாது.

முடியும். ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பிய அமைப்பின் 30 கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வட்டமிட்டால் போதும். ஆனால் வட்டமிடுகிறவர் நோயாளியாக இருக்க வேண்டும். இங்கோ மகன் பேசுகிறார், மருமகன் பேசுகிறார், நோயாளியான அம்மா மட்டும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார். எழுதத் தெரியாதவருக்கு நர்ஸ் படித்துக் காட்டட்டும், உறவினர்கள் வெளியே நிற்கட்டும். ஓபி சீட்டோடு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுக்க நம் மருத்துவமனைகளுக்கு என்ன தடை?