முதல் கணிப்பொறிக்கு எந்தப் பசை?

கணிப்பொறியை நாமே இணைக்கப் புகும்போது செயலி, மதர்போர்டு, நினைவகம் ஆகியவற்றைப் பல நாள் ஆராய்கிறோம். கடைசியில் கடைக்காரர், "பேஸ்ட் எது வேண்டும்?" என்று கேட்டதும் விழிக்கிறோம். ஊசிக்குழாயில் வரும் இந்தச் சாம்பல் நிறப் பசையில் மலிவானதும் உண்டு, பன்மடங்கு விலையுள்ளதும் உண்டு.

முதலில் அதன் வேலையைக் காண்போம். செயலியின் மேல்மூடியும், அதன்மேல் அமரும் குளிர்விப்பானின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பானவை. உண்மையில் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் சேர்த்து வைத்தால் இடையே காற்று தங்கிவிடும். காற்றோ வெப்பத்தை அரிதாகவே கடத்தும். இயற்பியலில் நாம் படிக்கும் வெப்பங்கடத்துதிறனை வாட்/மீட்டர் கெல்வின் அலகில் பார்த்தால், காற்றுக்கு ஏறத்தாழ 0.026, செம்புக்கு 400. ஆர்க்டிக் நிறுவனம் தன் எம்எக்ஸ்-4 பசைக்குக் குறித்த எண் 8.5. காற்றைவிட முந்நூறு மடங்குக்கு மேல்! ஆயினும் செம்பில் ஐம்பதில் ஒரு பங்குதான். செங்கற்களுக்கு இடையே சாந்து போல, இடுக்கை நிரப்புவதே பசையின் கடமை. தடிமனாகப் பூசினால் அதுவே வெப்பத்திற்குத் தடையாகும்.

ஆகவே விலையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பெயர் பெற்ற பசைகளுக்குள் வேறுபாடு பெரும்பாலும் சில டிகிரிகளே. எம்எக்ஸ்-4, நாக்டுவாவின் என்டி-எச்1 போன்ற, மின்சாரம் கடத்தாத பசை ஒன்று போதும். 4 கிராம் குழாய் பல தடவைக்கு வரும். குளிர்விப்பான்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பசை பூசியிருக்கும். அப்படியானால் அந்தச் செலவும் மிச்சம்!

நாங்கள் வேண்டாம் என்று சொல்வது திரவ உலோகத்தை மட்டுமே. காலியம் கலந்த இக்கலவையின் கடத்துதிறன் எண் மிகப் பெரிது. அதைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை எழுகிறது. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிதறி மதர்போர்டில் விழுந்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பெற்றோர் சேர்த்துத் தந்த பணமெல்லாம் ஒரு நொடியில் வீணாகலாம். அலுமினியத்தைத் தொட்டாலோ அதன் உள்ளே புகுந்து உதிரச் செய்துவிடும். 2020-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5-இல் சோனி நிறுவனம் இதைப் பயன்படுத்தியது உண்மையே. ஆனால் அங்கே அது வெளியே கசியாதபடி தொழிற்சாலையில் அடைக்கப்பட்டது. நம் வீட்டு மேசையில் அந்த வசதி ஏது?

பூசுவது எளிது. செயலியின் நடுவே ஒரு சிறு பட்டாணி அளவு வைத்தால் போதும். குளிர்விப்பானை நேராக இறக்கித் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினால், பசை தானே பரவிக்கொள்ளும். விரலால் தேய்க்க வேண்டாம். பின்னொரு நாள் கழற்ற நேர்ந்தால், பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பு, குளிர்விப்பானின் அடியில் கண்ணாடி போல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், தோழியரே!