கான்டூர், ஹைலைட்டர்: கோடு தெரியாமல் போட...

நிழல் உள்வாங்கிக் காட்டும். ஒளி எடுப்பாகக் காட்டும். கான்டூரிங்கின் அடிப்படை இதுதான்.

• கான்டூர், சருமத்தைவிட ஒன்றிரண்டு ஷேடு மட்டும் அடர்த்தியாக, மினுமினுப்பில்லாமல் இருக்கட்டும்.

• காதருகே தொடங்கி, கன்ன எலும்புக்குக் கீழே தீற்றி, கன்னத்தின் நடுவில் நிறுத்துங்கள். வாய்வரை இழுத்தால் முகம் வாடித் தெரியும்.

• ஹைலைட்டரை கன்ன மேடு, மூக்குத்தண்டு, புருவ எலும்பில் மட்டும் தொட்டு வையுங்கள். மாநிறத்துக்குப் பொன்னிறமும் செம்பு நிறமும் அழகு. வெள்ளி நிறம் சாம்பல் பூத்ததுபோல் காட்டிவிடலாம்.

• எண்ணெய்ப் பசை உள்ளவர்கள் நெற்றியிலும் மூக்கிலும் ஹைலைட்டரைத் தவிர்க்கலாம்.

• கிரீம் வகை முதலில், பவுடர் வகை பிறகு.

• ஈர ஸ்பாஞ்சால் ஓரங்களை ஒற்றியெடுங்கள். தேய்த்தால் அடியிலுள்ள ஃபவுண்டேஷன் கலையும்.

• கிளம்பும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கோடு தெரிந்தால் இன்னும் ஒற்ற வேண்டும்.