கிரிப்டோ வாங்கப் போகும் மலைப் பிள்ளைகளுக்கு

காவலூரிலும் சுற்றியுள்ள ஜவ்வாது மலை ஊர்களிலும் இருந்து வெளியூர் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இப்போது கிரிப்டோ பற்றிக் கேட்கிறார்கள். “யாருக்கும் தெரியாமல் வாங்க முடியுமா?” என்பதுதான் முதல் கேள்வி. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. வாங்குவதாக இருந்தால் இவற்றை மனதில் வையுங்கள்.

1. அரசுக்குத் தெரியாமல் வாங்கும் எண்ணத்தை விடுங்கள். கிரிப்டோ வாங்குவது குற்றமல்ல. ரிசர்வ் வங்கி 2018-ல் வங்கிகளுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ல் நீக்கிவிட்டது. ஆனால் 2023 மார்ச்சில் கிரிப்டோ சந்தைகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பான், ஆதார், வங்கிக் கணக்கு, முகப்படம் எல்லாம் கேட்பார்கள். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் பதிவாகும். லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கணக்கை ஒழுங்காக எழுதி வையுங்கள்.

2. “பான் வேண்டாம், ஆதார் வேண்டாம்” என்பவரிடம் போகாதீர்கள். டெலிகிராமில் அறிமுகமானவருக்குக் காயினை விற்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் அனுப்பும் ரூபாய் வேறொருவரை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் கொடுத்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை வரிசையாக முடக்குவார்கள். சம்பளம் வரும் உங்கள் கணக்கும் அதில் மாட்டும். வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

3. உங்கள் பெயரை வாடகைக்கு விடாதீர்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் மாதாமாதம் பணம் தருகிறோம் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். தன் பெயரை மறைக்க நினைக்கும் மோசடிக்காரனுக்கு உங்கள் பெயர்தான் முகமூடி. வழக்கு வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவு.

4. ஆவணங்களைக் கண்ட இடத்தில் விட்டு வராதீர்கள். பிரவுசிங் சென்டர் கணினியில் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்களின் ஆதாரும் பானும் பாஸ்புக் முதல் பக்கமும் வரிசையாகக் கிடக்கும். உங்களுடையதும் அங்கே கிடக்க வேண்டுமா? சிக்னல் உள்ள இடத்துக்கு நடந்துபோய், சொந்த போனிலேயே பதிவு செய்யுங்கள். முழு ஆதார் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

5. இதற்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி மின்னஞ்சலும் வையுங்கள். சம்பளக் கணக்கை இதில் கலக்காதீர்கள். கணக்குக்குள் நுழைய எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல், ஆத்தென்டிகேட்டர் செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. பிட்காயினின் பேரேடு எல்லோருக்கும் திறந்தது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் பக்கமாகக் கடந்தபோது அந்த விண்மீனின் ஒளியை நம் காவலூர் வானாய்வகத்தில் பதிவு செய்தார்கள். அந்த இரவில் பல இடங்களில் எடுத்த பதிவுகளை அலசித்தான் அந்தக் கோளின் வளையங்களை உறுதி செய்தார்கள். பிட்காயின் பேரேடும் அப்படிப் பிறகு அலசக்கூடிய பதிவுதான். 2009 ஜனவரி முதல் நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் அதில் அழியாமல் இருக்கிறது. இன்று யாரும் கவனிக்காததைப் பத்து வருடம் கழித்து ஒருவர் உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் பிட்காயின் முகவரி ஒருமுறை உங்கள் பெயரோடு சேர்ந்துவிட்டால், அந்த முகவரியின் முன்கதையும் பின்கதையும் தெரிந்துவிடும். ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள்.

7. பெரிய இடத்திலும் கசியும். கிரிப்டோ வாலட் விற்கும் பிரான்சின் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து 2020-ல் கசிந்த பட்டியலில் சுமார் 2,70,000 வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் இருந்தன. அவர்களைத் தேடி மோசடி மின்னஞ்சல்களும் மிரட்டல்களும் வந்தன. இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. தொகை பெரிதானால் சொந்த வாலட்டுக்கு மாற்றுங்கள். அந்த வாலட்டை மீட்க உதவும் 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

8. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று டீக்கடையில் பேசாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைச் சட்டத்திடமிருந்து ஒளிந்துகொள்வதற்காகக் கேட்காதீர்கள். திருடனிடமிருந்தும், தேவையில்லாமல் எட்டிப் பார்ப்பவனிடமிருந்தும் உங்களைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துங்கள். அப்படியும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள்.